வெள்ளெலிக்குக் கிடைத்த கதிர்

என் ஆராய்ச்சி முழுவதும் ஒரு மீன் பெட்டியில்தான் ரயில் ஏறிப் போனது. பெரிய மார்க்கெட்டில் ஐஸ் போட்டு வஞ்சிரம் அனுப்புவார்களே, அந்த வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. கல்யாணமான புதிதில் என் கணவர் கொண்டுவந்து கொடுத்தது. அவர் புதுச்சேரியை ஒட்டிய பிள்ளைச்சாவடிக்காரர். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, கடலுக்குப் போகாமல், குட்டி யானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டியில் மீன் ஏற்றி மார்க்கெட்டுக்கு ஓட்டியவர். நான் டவுனில் ஒரு மில் தொழிலாளியின் மகள். செல் உயிரியல் படித்துவிட்டு ஓர் ஆய்வகத்தில் வேலையில் இருந்தேன், இன்னமும் இருக்கிறேன். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசாத கல்யாணம் எங்களுடையது. பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. நல்ல மீன் குழம்பு யாரைத்தான் சமாதானப்படுத்தாது?

ஆய்வகத்தில் கொடுத்திருந்த பெட்டியை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூடியே சரியா உக்காரல. இதுல ஒரு கிலோ சங்கரா அனுப்புனாலே நாறிப்பூடும். நீ உசுரோட இருக்கறத வெச்சா அனுப்புற?"

மறுநாள் இந்தப் பெட்டி வந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மாடியில் வெயிலில் காயவைத்துத்தான் கொடுத்தார். ஆனாலும் வாசம் போகவில்லை. டில்லியில் மூடியைத் திறக்கும்போதெல்லாம், கூட வருகிற என் பேராசிரியர் மூக்கைப் பிடித்துக்கொள்வார். ஆனால் செல்கள் ஒரு தடவைகூட வழியில் சாகவில்லை.

பெட்டிக்குள் போனது வெள்ளெலியின் செல்கள். அந்த எலி நான் பிறப்பதற்கு முன்பே செத்துவிட்டது. அதன் உடம்பிலிருந்து எடுத்த செல்கள் மட்டும் ஊர் ஊராக, லேப் லேபாக இன்னமும் பெருகிக்கொண்டிருக்கின்றன. "செத்தும் சாவாத எலி" என்பார் அவர். டில்லியில் ஒரு பெரிய முடுக்கி இயந்திரம் இருக்கிறது. கார்பன் அணுவின் மேல் இருக்கும் எலெக்ட்ரான்களை உரித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தலைதெறிக்கிற வேகத்தில் விரட்டி அனுப்பும். கன அயனிக் கதிர் என்று பெயர். அந்தக் கதிரைச் செல்கள்மேல் விட்டு, அவற்றின் பிழைப்பு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

இதை அவருக்கு விளக்கப் போய்த்தான் எனக்கே பாதி விளங்கியது. ஒரு செல் வளரும், தன் டி.என்.ஏ.வை அப்படியே பிரதி எடுக்கும், பிறகு இரண்டாகும். இரண்டாவதற்கு முன் ஓர் இடத்தில் நின்று தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். எங்கேயாவது உடைசல் இருந்தால் மேலே போகாது.

"கோரிமேடு செக்போஸ்ட்டுனு சொல்லு" என்றார்.

புதுச்சேரியில் வண்டி ஓட்டுகிற ஆளுக்குச் செக்போஸ்ட்டைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எல்லையைத் தாண்டுகிற வண்டியில் சாராய பாட்டில் இருக்கிறதா என்று குடைவார்கள். மீன் வண்டியென்றால் ஐஸுக்கு அடியில் கையை விட்டே பார்ப்பார்கள்.

"ஆமா, செக்போஸ்ட்டுதான். சாதாரண எக்ஸ்ரே கதிர் பட்டா, கொஞ்ச நேரம் ஓரம் கட்டும். உடைஞ்சத ஒட்ட வெச்சிக்கினு கிளம்பிடும்."

"உன் டில்லி கதிர் பட்டா?"

"நிக்கும். ரொம்ப நேரம் நிக்கும். நிறைய கிளம்பவே கிளம்பாது."

"ஏன்?"

எக்ஸ்ரே அங்கொன்றும் இங்கொன்றுமாக உடைக்கும், கார்பன் போகிற வழியெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் உடைத்துக்கொண்டே போகும், ஒட்டவைக்கப் பிடிமானம் இருக்காது என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "விசைப்படகு வலமேல ஏறிப் போனா அப்படித்தான் ஆவும். முடிச்சு போடக்கூட நூலு மிஞ்சாது" என்றார். அதற்குப் பிறகு வகுப்பெடுக்கிற இடத்திலெல்லாம் நான் அந்த வலையைத்தான் சொல்கிறேன். யார் சொன்னது என்று சொல்வதில்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கதிர் படப்போகிற தட்டுகளோடு, கதிர் படாத தட்டு ஒன்றும் கூடவே போகும். கன்ட்ரோல் என்போம். அதைச் சும்மா அலமாரியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. அதே ரயிலில் அதே குலுக்கலோடு வர வேண்டும். இயந்திரத்துக்கு முன்னால் அதே தாங்கியில் பொருத்தி, மூடியைத் திறந்து, அதே அளவு நேரம் வைக்க வேண்டும். கதிரை மட்டும் அடைத்துவிடுவோம். அப்போதுதான் மற்ற தட்டில் தெரிகிற கெடுதல் கதிரால் வந்ததா, வெறும் பயண அலுப்பால் வந்ததா என்று அடித்துச் சொல்ல முடியும். அவருக்கு இது ஒரே சிரிப்பு.

"கூட வந்து சும்மா கஷ்டப்படறதுக்குனே ஒரு ஆளா? எங்க சித்தப்பா பொண்ணு பாக்கப் போறப்போலாம் என்ன இட்டுக்கினு போவாரு. அது மாரி."

எல்லாம் முடிந்ததும் தட்டுகளில் ஆல்கஹாலை ஊற்றுவோம். செல்கள் அந்த நிமிடத்தில் எப்படி இருந்தனவோ அப்படியே நின்றுவிடும். கதிர் பட்டது, படாதது என்ற வித்தியாசம் அப்போது கிடையாது, எல்லாமே சாகும். அந்தக் கடைசிக் கட்டத்தை நான் அவரிடம் சொன்னதில்லை. சிரித்துக்கொண்டிருக்கிற மனிதரிடம் எதற்கு?

அவருக்கு வலி முதலில் உட்காரும் இடத்தில்தான் வந்தது.

அவர் ஓட்டிய வண்டியில் இன்ஜின் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். அதை ஓட்டுகிற எல்லோருக்கும் உட்காரும் இடத்தில் எரிச்சலும் வலியும் வரும். அதற்குப் பெயர் சூடு. சூட்டுக்கு வைத்தியம் ஊருக்கே தெரியும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கணும், இளநீர் குடிக்கணும், தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கணும். மார்க்கெட் வாசலில் வண்டி போடுகிற டிரைவர்கள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். ஒருவர் சீட்டுக்கு ஈரச் சாக்கு போட்டுக் கொடுத்தார். கதிர் பட்ட செல்லின் டி.என்.ஏ.வில் எந்த இடத்தில் உடைசல் என்று தேடுகிற நான், வெந்தயத்தை மோரில் ஊறவைத்து விடிகாலையில் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார். ஊரே ஒரு குரலில் சூடு என்று சொன்னால், படித்தவளுக்கும் அது சூடாகத்தான் படுகிறது.

பிறகு இடது கால் மரத்துப் போக ஆரம்பித்தது. சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், சதை எடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்பு முடிகிற இடத்தில் கட்டி. டாக்டர் அதன் பெயரைச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்தார், எனக்குத் தெரிகிறதா என்று. எனக்குத் தெரிந்தது. யாருக்கும் தெரியாத அந்தப் பெயர் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

எங்கள் துறையில் எந்தக் கட்டுரை எழுதினாலும் முதல் பத்தியில் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். இந்தக் கதிரைப் பற்றி எதற்கு ஆராய்கிறோம், யாருக்கு என்ன லாபம் என்று. சாதாரணக் கதிருக்கு மசியாத சில அரிய கட்டிகளுக்குக் கன அயனிக் கதிர் நல்ல பலன் தருகிறது என்று எழுதி, இரண்டு கட்டிகளின் பெயரைச் சொல்வோம். அந்தப் பத்தியை யாரும் படிக்க மாட்டார்கள். நானும் எழுத மாட்டேன். போன கட்டுரையிலிருந்து வெட்டி இந்தக் கட்டுரையில் ஒட்டுவேன். அந்த இரண்டு பெயர்களில் முதல் பெயரைத்தான் டாக்டர் சொன்னார். எத்தனையோ தடவை வெட்டி ஒட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட, இந்தக் கட்டி யாருடைய உடம்பிலோ இருக்கும், அவனுக்கு ஒரு பெண்டாட்டி இருப்பாள் என்று நினைத்ததில்லை.

முழுக்க வெட்டி எடுக்க முடியாது, நரம்புகள் சிக்கியிருக்கின்றன, முடிந்தவரை எடுத்துவிட்டு மிச்சத்துக்குக் கதிர் கொடுப்போம் என்றார்கள். கொடுக்கப்போவது எக்ஸ்ரே கதிர். அங்கே அதுதான் இருந்தது. இருப்பதை வைத்து அவர்கள் குறைவைக்காமல் செய்தார்கள், அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார்.

"இதுக்கு உன் டில்லி கதிர்தான சரி?"

"ஆமாங்க."

"அப்ப அந்த மெஷினுக்கு முன்னாடி என்னக் கொண்டு போய் உக்கார வெச்சிடேன். எலிக்குக் கிடைச்சது எனக்குக் கிடைக்காதா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார். நான் அவர் கையைப் பிடித்து, புறங்கைத் தோலைக் காட்டினேன். டில்லி இயந்திரத்தின் கதிர் ஒரு தலைமுடி கனத்துக்குத்தான் உள்ளே போகும். தட்டில் ஒற்றை அடுக்காக ஒட்டியிருக்கிற செல்களுக்கு அது போதும். மனிதனுக்கு இந்தத் தோலைக்கூடத் தாண்டாது. உடம்புக்குள் ஆழமாகப் போகிற அளவுக்கு அதைச் செலுத்தும் ஆஸ்பத்திரி கடல் தாண்டித்தான் இருக்கிறது என்றேன். அவர் தன் புறங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோலு வரைக்குமா?" என்றார். "கைக்கு எட்னது வாய்க்கு எட்லன்றது இதுதானா?"

பேராசிரியர் தனக்குத் தெரிந்த ஒரு வெளிநாட்டு மையத்துக்கு ஸ்கேன் படங்களை அனுப்பினார். பதில் வருவதற்குள் விஷயம் வீட்டுக்காரம்மா காதுக்குப் போய்விட்டது. நாங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே அந்த அம்மா. அவர் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அதனால் தெருவில் அதைச் சொல்தா வீடு, சிப்பாய் வீடு என்பார்கள். மகன் பாரிஸில் இருக்கிறான். அந்த அம்மாவுக்கே இடுப்பு எலும்பு மாற்றியது அங்கேதான். ஆறுதல் சொல்ல மாடியேறி வந்தவர், காபியைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"இவரோட தாத்தா அன்னிக்கு ஒப்சியோன் எழுதிக் குடுத்திருந்தா, இன்னிக்கு நீங்களும் நாசியோனலித்தே வெச்சிருப்பீங்க. கவர்ன்மான் எங்க வேணாலும் அனுப்பி வைத்தியம் பாத்திருக்கும்."

பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போனபோது, பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று அவகாசம் கொடுத்தார்கள். எழுதிக் கொடுப்பது ஒப்சியோன், அதனால் நிலைக்கிற குடியுரிமை நாசியோனலித்தே. எழுதிக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு மாதிரி வாழ்கிறார்கள், கொடுக்காத வீட்டுப் பிள்ளைகள் வேறு மாதிரி. இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைச் சொல்ல இதுவா நேரம்? வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "தாத்தாவ எழுப்பிக்கினு வந்து கையெழுத்து வாங்கட்டுமாம்மா?" என்று கத்திவிட்டேன். அந்த அம்மா இறங்கிப் போனார். பாவம், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

அவர் கட்டிலில் குப்புறப் படுத்தபடி சிரித்தார்.

"எங்க தாத்தாவ ஏன் திட்ற? எழுதிக் குடுக்க ஊரோட கூப்ட்டாங்களாம். அன்னிக்குப் பாத்து நல்ல மீன்பாடு. வலைய போட்டுட்டு பேப்பருக்கு எவன் வருவான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குக் கடல் கொஞ்சம் கொந்தளித்திருக்கக் கூடாதா, காற்று மாறி அடித்திருக்கக் கூடாதா, அந்த மனிதர் கரையில் நின்றிருக்கக் கூடாதா என்று ஒரு வாரம் பைத்தியக்காரி மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது. கட்டி குடலோடு ஒட்டி வளர்ந்துவிட்டது, இந்த நிலையில் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று. நாசியோனலித்தே இருந்திருந்தாலும் இதுதான் பதில். தாத்தாமேல் இருந்த கோபம் அன்றோடு போனது. அதை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

ஆபரேஷன் முடிந்து கதிர் கொடுத்த நாட்களில் காலையில் ஆட்டோவில் போவோம். அவரால் உட்கார முடியாது; சீட்டில் ஒருக்களித்து, தலையை என் மடியில் வைத்துக்கொள்வார். மேட்டில் வண்டி குலுங்கும்போது என் முழங்காலை அழுத்துவார். அவர் சாப்பிட்டதைத்தான் நானும் சாப்பிட்டேன், காரமில்லாத ரசமும் தயிர்சோறும். அறைக் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிகிற வரைக்கும் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே அவருடைய செல்கள் செக்போஸ்ட்டில் ஓரம் கட்டி நிற்கும், நல்லதும் கெட்டதும். நல்லது ஒட்டவைத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும், கெட்டது எழுந்திருக்கவே கூடாது. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டு இதைத்தான் வேண்டினேன். அந்தக் கட்டி சாதாரணக் கதிருக்கு எழுந்துகொள்ளும் என்று நானே எழுதியிருக்கிறேன். தெரிந்துகொண்டே வேண்டினேன்.

ஒருநாள் வெளியே வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் இளைத்துப் போயிருந்தேன்.

"அதே ஆட்டோ, அதே குலுக்கல், அதே தயிர்சோறு. கதிர் மட்டும் இல்ல. நீதான்டி என் கன்ட்ரோலு" என்றார்.

நானும் சிரித்தேன். ஆட்டோவில் தலையை என் மடியில் வைத்துப் படுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"எல்லாம் முடிஞ்சப்புறம் அந்தத் தட்ட இன்னா பண்ணுவீங்க?"

"எந்தத் தட்டு?"

"கன்ட்ரோலு தட்டு. அதுக்குத்தான் ஒண்ணும் ஆவலயே."

"திரும்ப வளர விட்டுடுவோம்" என்றேன்.

பொய் சொல்லும்போது நான் மூக்கைத் தேய்ப்பேன். அது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

"மூக்கத் தேய்க்கிற."

"அரிக்குதுங்க."

"சரி. இதுவரைக்கும் இன்னா பண்ணிங்களோ போவட்டும். இனிமே அப்படிப் பண்ணு. கூட வந்த பாவத்துக்கு அதயும் ஏன் சாவடிக்கணும்?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். எலியைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கட்டி கொஞ்சம் சுருங்கியது. அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு பொங்கல் கொண்டாடினோம். அவர் வண்டியைக் கழுவிச் சந்தனம் வைக்கச் சொல்லி, மாடியிலிருந்தே எட்டிப் பார்த்தார். பிறகு அது எழுந்துகொண்டது. நுரையீரலுக்கும் போனது. மழை பெய்த ஒரு காலையில், நான் அவருக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டார். பிள்ளைச்சாவடியிலிருந்து அவருடைய ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் கத்தியதை அவரும் ஞாபகப்படுத்தவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. வலியை அத்தனை நாள் சூடு என்று சொல்லிப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியதற்கு. என்மேலும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேல் அந்த எலிமேல் வந்தது. எத்தனை தடவை அந்தக் கதிரை அதற்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்! செத்த எலிக்கு, கேட்காத எலிக்கு. கேட்ட மனிதருக்குக் கொடுக்க முடியவில்லை.

லீவு முடிந்து போனபோது பேராசிரியர், டில்லியில் இயந்திர நேரம் கிடைத்திருக்கிறது, முடியாவிட்டால் வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார். நானே போகிறேன் என்றேன். வீட்டில் இருந்தால் மட்டும் என்ன வாழ்கிறது? பெட்டி மாடியில் கிடந்தது. இந்தத் தடவை அதை நான் கழுவவில்லை. துணியால் துடைத்து, செல்களை வைத்து, மூடியை அழுத்தி மூடினேன். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் கருவாடா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

டில்லியில் வேலை எப்போதும் போல நடந்தது. கதிர் பட வேண்டியதற்குப் பட்டது. கன்ட்ரோல் தட்டையும் அதே தாங்கியில் பொருத்தி, கதிரை அடைத்து, நேரம் முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். கணக்குக்கு வேண்டிய தட்டுகளில் ஆல்கஹால் ஊற்றினேன். கன்ட்ரோலில் ஒன்று கூடுதலாக இருந்தது. பாட்டிலைக் கையில் எடுத்தேன், சாய்க்க முடியவில்லை.

"என்னம்மா?" என்றார் பேராசிரியர்.

"இத ஊருக்கு எடுத்துட்டுப் போறேன் சார்."

"எதுக்கு?"

நான் பாட்டிலை மூடி வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு பெட்டியை அவரே திறந்து பிடித்துக்கொண்டார். மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை. அந்தச் செல்களைச் சின்னக் குடுவைக்கு மாற்றி, வாய் வரைக்கும் திரவம் ஊற்றி, உள்ளே வைத்தேன்.

புதுச்சேரிக்கு வந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக ஆய்வகத்துக்குப் போய் அதை வெப்பப் பெட்டிக்குள் வைத்தேன். மறுநாள் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இரண்டு தடவை நாட்டையே தாண்டிய களைப்பு எதுவும் அவற்றுக்கு இல்லை. குடுவை அடி முழுக்கப் பரவிக்கொண்டிருந்தன. ஓர் ஓரத்தில் ஒரு செல், நின்று சோதித்துப் பார்த்த இடத்தைத் தாண்டி, இடுப்பு ஒடுங்கி, இரண்டாகிக்கொண்டிருந்தது. அதன்மேல் எதுவும் படவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கண்ணை எடுக்கவும் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பிறகு பழைய திரவத்தைக் கொட்டிவிட்டு, புதியதை ஊற்றி, திரும்ப உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். இரண்டு நாளைக்கொரு தடவை அப்படி மாற்ற வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்படிப் பண்ணு என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பண்ணுகிறவளுக்கல்லவா தெரியும்.